சூடில்லாத காப்பியும் சில சந்தேகங்களும்

மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் தமிழர்களுக்குக் காப்பி விஷயத்தில் ஒரு நிரந்தரக் குறை உண்டு. பஜார் ரோட்டில் ஒரு சாயாக் கடைக்குப் போய் "ஒரு காப்பி" என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் நம் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, உடனடிக் காப்பிப் பொட்டலம் ஒன்றைக் கிழித்துச் சூடான பாலில் கொட்டி, தூக்கி ஆற்றிக் கொடுத்து விடுவார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருடையது தேயிலைக்குப் பழகிய கை. அவர் போடும் பால் சாயாவையும் எலுமிச்சை பிழிந்த சுலைமானியையும் குறை சொல்ல நாக்கு வராது. காப்பி மட்டும் அவர் ஊர் வழக்கத்தில் இல்லை. மலையாளத்தில் 'காப்பி' என்றால் காலைப் பலகாரம் என்றும் ஒரு பொருள் உண்டே! அடுத்த வீட்டுச் சேச்சி "காப்பி குடிச்சோ?" என்று கேட்டால், புட்டும் கடலையும் ஆயிற்றா என்று அர்த்தம். ஊருக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் "இல்லை, இனிமேல்தான் டிகாக்ஷன் இறங்க வேண்டும்" என்று பதில் சொல்லி விழிப்பது வழக்கம்.

ஆகவே எர்ணாகுளம் பக்கம் காப்பிக்கென்றே குளிர்சாதனக் கடைகள் வரத் தொடங்கியபோது நம்மவர்கள் ஆவலோடு போனார்கள். போனவர்களில் பாதிப்பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள். நாலு தமிழர் கூடுமிடத்தில் இந்தப் பேச்சு வந்தால் ஒரே பல்லவிதான்: சூடே இல்லை, புளிக்கிறது, வாளி அளவு தருகிறார்கள், விலையோ யானை விலை. இந்தக் குறைகளில் எது கடையின் குறை, எது நம் நாக்கின் பழக்கம் என்று சற்றுப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பிரித்துப் பார்த்தால் சில குறைகள் உதிர்ந்து விடுகின்றன. சில நன்றாகவே நிற்கின்றன.

முதலில் சூடு. நம் வீட்டில் பால் பொங்கி வரும்போது இறக்கி, டிகாக்ஷனில் விட்டு, டபராவுக்கும் தம்ளருக்குமாக இரண்டு ஆற்று ஆற்றினால் நுரை வந்து விடுகிறது. நுரைக்குக் காரணம் காற்று. கொதித்த பாலிலும் அது வரும், ஆனால் சில நொடிகளில் அடங்கும். கிளைக்கடைகளில் நடப்பது வேறு. அங்கே குளிர்ந்த பாலுக்குள் நீராவிக் குழாயை விட்டுக் காற்றையும் சூட்டையும் சேர்த்து ஏற்றுகிறார்கள். பாலிலுள்ள புரதம்தான் அந்த மெல்லிய நுரையைத் தாங்கிப் பிடிக்கிறது. ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி வரையில் பால் தித்திப்பாக இருக்கும், நுரையும் பட்டுப் போல நிற்கும். 70 டிகிரியைத் தாண்டினால் நுரை முரடாகிப் பிரிந்து போகும், காய்ந்த பால் வாடை வரும். அந்த வாடைதான் நமக்குக் 'காப்பி மணம்'. இத்தாலிக்காரருக்கு அது கருகல். எனவே கடைப்பையன் சூட்டை நிறுத்துவது சோம்பேறித்தனத்தால் இல்லை, அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அப்படி.

இதில் பாத்திரத்துக்கும் பங்குண்டு. எவர்சில்வர் தம்ளர் உள்ளே இருக்கும் சூட்டை அப்படியே உதட்டுக்குக் கடத்துகிறது. பீங்கான் கோப்பை கடத்துவதில்லை. தடித்த கோப்பையாக இருந்தால் சூட்டில் ஒரு பங்கைத் தானே குடித்தும் விடுகிறது. இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் குழு, 65 டிகிரிக்கு மேல் மிகச் சூடாகப் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று 2016-ல் வகைப்படுத்தியது. தொண்டையைப் பொசுக்கும் காப்பிதான் காப்பி என்று வாதிடும் நம் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சூடு விஷயத்தில் என் தீர்ப்பு கடைக்காரர் பக்கம்தான்.

அடுத்தது புளிப்பு. இங்கே விஷயம் ஆழமானது. காப்பியில் அராபிகா, ரொபஸ்டா என்று இரண்டு சாதி. அராபிகா உயரமான மலையில், குளிர்ந்த நிழலில் வளர்வது. மணம் அதிகம், இயல்பாகவே ஒரு பழப்புளிப்பு உண்டு. ரொபஸ்டா தாழ்ந்த மலைச்சரிவுகளில் வளரும். கசப்பும் கனமும் அதிகம், காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொட்டையை இளவறுப்பாக எடுத்தால் புளிப்பு தங்கும். கருக வறுத்தால் புளிப்பு போய்க் கசப்பு ஏறும். சில புதிய கடைகள் இப்போது இளவறுப்பைப் பெருமையாகச் சொல்லி விற்கின்றன. அங்கே போய் "புளிக்கிறதே" என்றால், "ஆமாம், அதுதான் அதன் விசேஷம்" என்று பதில் வரும்.

நம் வீட்டுக் காப்பியின் சூத்திரமே வேறு. பிளாண்டேஷன் 'ஏ', பீபரி என்று அராபிகா கொஞ்சம், கனத்துக்கு ரொபஸ்டா கொஞ்சம், அதன் மேல் சிக்கரி. பீபரி தனிச் சாதி என்று பலர் நினைக்கிறார்கள். காப்பிப் பழத்துக்குள் இரண்டு கொட்டை வளர வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் உருண்டையாக வளர்ந்தால் அதுதான் பீபரி. சிக்கரி காப்பியே இல்லை. அது ஒரு செடியின் கிழங்கு போன்ற வேர். உலர்த்தி, வறுத்து, பொடித்தது. காஃபின் கிடையாது. கருமை, கெட்டித்தன்மை, இனிப்புக் கலந்த ஒரு கசப்பு ஆகியவற்றைத் தரும். நெப்போலியன் காலத்தில் கடல் வாணிபம் தடைப்பட்டுக் காப்பிக்கொட்டை கிடைக்காதபோது பிரான்சில் பெருவழக்கானது இது. நம் நாட்டில் இது பெருமளவில் விளைவது குஜராத்தில். நம் குஜராத்தித் தெரு அன்பர்கள் பெரும்பாலும் சாயா குடிப்பவர்கள். அவர்கள் மாநிலத்து வேரை நாம் குடிக்கிறோம்.

இந்தியச் சட்டப்படி காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கலாம், ஆனால் விகிதத்தைப் பொட்டலத்தின் மேல் போட வேண்டும். 'கள்ளிச் சொட்டு மாதிரி டிகாக்ஷன்' என்று நாம் கொண்டாடுவதில் எத்தனை பங்கு வேருக்குச் சேரும் என்பது அந்தச் சிறிய எழுத்தில் இருக்கிறது. கிளைக்கடைகளின் காப்பியில் பொதுவாகச் சிக்கரி இல்லை. ஆகவே அது நமக்குத் 'தண்ணியாக' இருக்கிறது. சிக்கரி இல்லாத குற்றத்தைக் கடையின் மேல் போட முடியாது. ஆனால் சிக்கரி சேர்த்த காப்பி மட்டமானது என்று முகம் திருப்பும் புதுப் பண்டிதர்களையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. நூறு வருஷமாக ஒரு ஜனம் விரும்பிக் குடிக்கும் ருசி ருசிதான்.

டிகாக்ஷனும் எஸ்பிரஸ்ஸோவும் பிறக்கும் விதமும் வேறு. நம் ஃபில்டரில் வெந்நீர் தன் எடையால் மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. பத்துப் பதினைந்து நிமிஷமாவது ஆகும். எஸ்பிரஸ்ஸோ இயந்திரம் காற்றழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்கு அழுத்தத்தில், 25, 30 விநாடிகளில் வெந்நீரைத் தள்ளி எடுக்கிறது. டிகாக்ஷனைக் காலையில் இறக்கி வைத்துச் சில மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். எஸ்பிரஸ்ஸோ இறங்கிய கணத்திலிருந்து கெடத் தொடங்கும். ஒருவர் வந்தாலும் உடனே புதிதாகப் போட்டுத் தர இயந்திரம் வசதி. ஃபில்டர் காப்பிக்கோ வருகிற கூட்டத்தை முன்கூட்டியே கணக்கிட்டு இறக்கி வைக்க வேண்டும். கூட்டம் வராவிட்டால் பழைய டிகாக்ஷன். அதனால்தான் கிளைக்கடைகள் நெடுங்காலம் அந்தப் பக்கமே போகவில்லை என்று நினைக்கிறேன்.

அளவு விஷயத்தில் நம்மவர் குறை முற்றிலும் நியாயம். ஸ்டார்பக்ஸில் 'டால்' என்பது 12 அவுன்ஸ், சுமார் 355 மில்லி. நம் தம்ளரில் அது இரண்டரை, மூன்று காப்பி. அவ்வளவு பாலில் ஒரு சின்னக் கரண்டி எஸ்பிரஸ்ஸோ எங்கே போய்த் தேடுவது? இந்தியர்களின் இந்த முணுமுணுப்பு அவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. 2022-ல் அந்த நிறுவனம் சில ஊர்களில் சோதனையாக 6 அவுன்ஸ் கோப்பையையும், மசாலா சாயாவையும், ஃபில்டர் காப்பியையும் கொண்டு வந்தது. உலகெல்லாம் ஒரே ருசி என்று கிளம்பியவர்கள் கடைசியில் நம் டபராவுக்கு இறங்கி வந்தார்கள்.

விலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது காப்பிக்கான விலை இல்லை. குளிர்ந்த காற்றுக்கும் நாற்காலிக்கும் வாடகை. இரண்டு மணி நேரம் உட்காருபவருக்கு மலிவு, ஐந்து நிமிஷத்தில் குடித்துவிட்டுப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு நஷ்டம். காகிதக் கோப்பையும் அதன் பிளாஸ்டிக் மூடியும் சேர்ந்து மணத்தை மூக்குக்கு எட்டாமல் செய்து விடுகின்றன என்பது என் சொந்த ஆத்திரம். உட்கார்ந்து குடிப்பவருக்கும் எதற்கு மூடி?

கிளைக்கடை என்பதே அந்நிய வழக்கம், நமக்கு ஒத்து வராது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. இந்தியாவின் பழைய காப்பிக் கடைச் சங்கிலி சர்க்காரே நடத்தியது. காப்பி விற்காமல் தேங்கியதால் உள்நாட்டில் காப்பிக் குடியைப் பரப்ப வேண்டும் என்று 1936-ல் பம்பாயில் முதல் கடை திறக்கப்பட்டது. பிறகு காப்பி போர்டின் கீழ் ஊருக்கு ஊர் இந்தியா காபி ஹவுஸ் வந்தது. 1950-களின் நடுவில் போர்டு இவற்றை மூட முடிவு செய்தது. பரிமாறுபவர், சமையல்காரர் எல்லோரும் தெருவில் நிற்க வேண்டிய நிலை. தொழிற்சங்கத்தினர் ஏ.கே. கோபாலனிடம் போனார்கள். கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்பது அவர் யோசனை. 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது; அக்டோபரில் டில்லியில் முதல் கடை. கேரளத்தில் 1958 மார்ச்சில் திருச்சூரில் தொடங்கியது. சம்பளக்காரர்களாக இருந்தவர்கள் தாங்களே பங்குதாரர்கள் ஆனார்கள். இந்தக் கதையைக் கேரளத்தில் முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான நடக்கல் பரமேஸ்வரன் பிள்ளை மலையாளத்தில் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு கோப்பையைக் கொண்டு வந்து வைப்பவர் அந்தக் கடையின் சொந்தக்காரர்களில் ஒருவர் என்பதை நினைத்துக்கொண்டால் காப்பிக்குத் தனி ருசி வருகிறது. அங்கேயும் குறைகள் உண்டு. கட்லெட்டிலும் மசால் தோசையிலும் பீட்ரூட்டைப் போட்டுச் சிவக்க அடிக்கிறார்களே, அதை எந்தத் தமிழனாலும் முழு மனதோடு மன்னிக்க முடியாது. ஆனால் காப்பி சூடாக வரும், அளவாக வரும். ஓய்வு பெற்ற மனிதர் ஒருவர் ஒரே ஒரு காப்பியோடு பத்திரிகை முழுவதையும் படித்து முடித்தாலும் யாரும் முறைப்பதில்லை.

புதுக் கடைகள் பிறந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. நெடுங்காலம் தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காப்பி போர்டிடம்தான் ஒப்படைக்க வேண்டும். தாமாக விற்க முடியாது. 1992 தொடங்கி இந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து 1996-ல் நீங்கியது. அதே 1996-ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில், சிக்மகளூர்த் தோட்டக்காரர் வி.ஜி. சித்தார்த்தாவின் காபி டே முதல் கடை, இண்டர்நெட் வசதியோடு திறந்தது. 2019-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சங்கிலி மிகவும் சுருங்கி விட்டது. ஸ்டார்பக்ஸ் டாட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து 2012 அக்டோபரில் பம்பாயில் கால் வைத்தது.

எனக்குள்ள மெய்யான வருத்தம் இவை எதைப் பற்றியும் இல்லை. காப்பி விளைச்சலில் கர்நாடகத்துக்கு அடுத்த மாநிலம் கேரளம். வயநாட்டு ரொபஸ்டாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் நாட்டின் காப்பியில் பெரும்பங்கு கப்பலேறிப் போய் விடுகிறது. ஏற்றுமதிக் கிடங்குகளுக்குப் பேர்போன நம் ஊரில், சாயாக் கடையில் கிடைப்பது பொட்டலத் தூள், கிளைக்கடையில் கிடைப்பது பால் கடல். நம் பிள்ளைகளுக்குக் காப்பி என்றால் ஐஸ்கிரீம் மிதக்கும் குளிர்பானம் என்று ஆகிவிட்டது. வயநாட்டுக் கொட்டையை நல்லபடியாக வறுத்து, சின்னத் தம்ளரில், சுமாரான விலையில் தர ஒரு கடை மட்டாஞ்சேரியில் அமைந்தால் மலையாளிகளும் வருவார்கள் என்பது என் எண்ணம்.

அதுவரை கிளைக்கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. இருப்பதில் சின்ன அளவைக் கேளுங்கள், இரட்டை ஷாட் போடச் சொல்லுங்கள், 'எக்ஸ்ட்ரா ஹாட்' என்று சொல்லுங்கள், பீங்கான் கோப்பையில் தரச் சொல்லுங்கள். சர்க்கரையை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அங்கே விற்கும் கொட்டை பிடித்துப்போய் வீட்டுக்கு வாங்கினால், அரைக்கும்போது தென்னிந்திய ஃபில்டருக்கு என்று தெளிவாகச் சொல்லி விடுங்கள். எஸ்பிரஸ்ஸோவுக்கு அரைக்கும் மாவுப் பதம் நம் ஃபில்டரின் துளைகளை அடைத்துக்கொள்ளும். விடிய விடியக் காத்திருந்தாலும் டிகாக்ஷன் இறங்காது.