வகிர் யந்திரமும் அதன் குழியும்

ரூர்கேலா போன்ற ஆலைகளிலிருந்து வரும் அகன்ற உருக்குச் சுருளை, குழாய்க்கும் சைக்கிள் சக்கர விளிம்புக்கும் ஏற்ற குறுகிய நாடாக்களாக நீளவாக்கில் வகிர்வது வட்டக்கத்தி யந்திரம். இதனை வாங்கத் திட்டமிடுவோர் முதலில் வேகத்தையே வினவுகின்றனர். கத்திகளை மாற்றி அடுக்குவதற்காக யந்திரம் நிற்கும் நேரத்தை நோக்க, வேகம் அத்துணைப் பெரிதன்று. முன்னதாக அறிய வேண்டியது குழியின் ஆழம்.

தகடு நடுவில் சற்றுத் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பது இயல்பு. வகிர்ந்த நாடாக்கள் யாவும் ஒரே உருளையில் சுற்றப்படுகின்றன. மெல்லிய ஓர நாடா குறைந்த நீளமே சுற்றும், எஞ்சியது தொய்ந்துவிடும். அத்தொய்வை ஏற்பதற்கே கத்திக்கும் சுற்றும் உருளைக்கும் இடையே குழி தோண்டப்படுகிறது.

1,250 மி.மீ. அகலமும் 1 மி.மீ. தடிப்பும் உள்ள 25 டன் சுருளின் நீளம் ஏறத்தாழ 2,500 மீட்டர், 508 மி.மீ. விட்டமுள்ள உருளையில் அது சுமார் 680 சுற்று. தடிப்பு 0.01 மி.மீ. வேறுபட்டாலே முடிவில் நீளம் 14 மீட்டருக்கு மேல் வேறுபடும். நாடா இரட்டையாகத் தொங்குமாதலால் குழி 7 மீட்டர் ஆழம் வேண்டும். (ஆசிரியர்கள் மாணவரைக்கொண்டே இதனைக் கணக்கிடச் செய்யலாம்.) சுருள் பாதி எடையாயின் 3 மீட்டர் போதும். தொய்ந்த நாடாவின் சுற்றுகளிடையே அட்டை செருகிச் சமாளிப்பதும் உண்டு.

சுருளின் எடையையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் உறுதி செய்த பின்னரே விலைப்புள்ளி கோருதல் நலம். யந்திரத்தை நிறுவிய பிறகு குழியை ஆழப்படுத்துவதாயின் அடித்தளத்தையே பெயர்க்க நேரிடும்.