கட்டணமில்லாக் கல்லூரியும் அது இருக்கும் ஊரும்

முழு உபகாரச் சம்பளம் தருவதாக ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்துவிட்டால், அதற்கு மேல் யோசனை எதற்கு என்றே பெரும்பாலான பெற்றோர் எண்ணுவர். கடன் வாங்க வேண்டியதில்லை. நிலத்தை ஈடு வைக்க வேண்டியதில்லை. ஆயினும் பிள்ளை நான்கு ஆண்டுகள் வாழப்போவது அக்கடிதத்தில் அன்று, ஓர் ஊரில். இதை விளக்க, தறியோடும் கழனியோடும் உறவுடைய ஓர் அமெரிக்கக் கல்லூரியை அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

கென்டக்கி மாநிலத்தில், அப்பலேச்சிய மலையடிவாரத்தில், பெரீயா என்னும் சிற்றூரில் உள்ள அக்கல்லூரி 1855-ல் தோன்றியது. 1892 முதல் அங்கே போதனைக் கட்டணம் வாங்குவதில்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளையே, அவர்களிலும் பெரும்பாலும் அம்மலைநாட்டாரையே சேர்க்கிறார்கள். ஒவ்வொரு மாணவரும் வாரம் 10 மணி நேரமேனும் வேலை செய்தாக வேண்டும். அதற்குக் கூலியும் உண்டு. பண்ணை, துடைப்பம் கட்டும் கூடம், மரவேலைக்கூடம், நெசவுக்கூடம் எல்லாம் உள்ளன. நெசவு அங்கே அலங்காரத்திற்காக வந்ததன்று. 1890-களில் மலைநாட்டுப் பெண்கள், பருத்திப் பாவில் கம்பளி ஊடை கோத்து நெய்த போர்வைகளைத் தம் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஈடாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நூலைக் கொடுத்துத் துணியை வாங்கும் நம் சங்கத்தாருக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

இனி அந்த நாட்டுப்புறத்தைப் பார்ப்போம். கல்லூரியை நிறுவிய ஜான் ஃபீ அடிமை முறையை எதிர்த்தவர். 1859-ன் இறுதியில் ஆயுதம் தாங்கிய உள்ளூரார் அவருடைய கூட்டத்தாரை ஊரைவிட்டே வெளியேற்றினர். உள்நாட்டுப் போருக்குப் பின் கல்லூரி மீண்டும் நடந்தது. 1866-67-ல் பயின்ற 187 பேரில் 96 பேர் கறுப்பர், 91 பேர் வெள்ளையர். ஆனால் இரு இனத்தாரும் ஒன்றாய்ப் பயிலக் கூடாது என்று மாநிலம் 1904-ல் சட்டம் செய்தது. கல்லூரி உச்சநீதிமன்றம் வரை வழக்காடி 1908-ல் தோற்றது. 1950-ல் சட்டம் தளர்ந்த பிறகே கறுப்பு மாணவர் மீண்டும் உள்ளே வந்தனர். அத்தனை ஆண்டுகளும் கட்டணமின்மை மாறவில்லை. அது யாருக்கு என்பதே மாறியிருந்தது. கல்லூரியின் மனம் ஒன்றாயிருக்க, நாட்டின் வழக்கம் வேறாயிருந்தது.

எதிர்த்திசையில் சென்ற ஒருவரையும் சொல்லவேண்டும். எழுத்தாளர் பெல் ஹுக்ஸ் 1952-ல் அதே கென்டக்கியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டி துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்பவர். தொலைவிலுள்ள கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் மகள் சேர்வதைப் பெற்றோர் அஞ்சினர். அருகிலேயே ஒரு கல்லூரி போதாதா என்றனர். அங்கே செல்வர் வீட்டுப் பிள்ளைகளிடையே உழைக்கும் மக்களைப் பற்றிய இகழ்ச்சியைக் கண்டதாக அவர் பின்னர் எழுதினார். ஆனால் தம் முதல் நூலை எழுதத் தொடங்கியதும் அங்கேதான். பெற்றோரின் அச்சமும் பொய்யன்று, மகளின் பிடிவாதமும் பிழையன்று என்பதே நம் கருத்து. 2004-ல் அவர் பெரீயாவுக்கே ஆசிரியராக வந்தார். 2021-ல் அவ்வூரிலேயே காலமானார்.

ஆகவே கடிதத்தை உதறச் சொல்ல நாம் வரவில்லை. கடன் என்னும் சுமை இருபது ஆண்டுகள் தொடரக்கூடியது. ஊரின் தனிமை நான்கே ஆண்டுகள். எனினும் அந்நான்கு ஆண்டுகள் பதினெட்டு வயதில் வருபவை. பெரீயாவிலிருந்து பெருநகரமான லெக்சிங்டன் சுமார் 40 மைல். மலைநாட்டுப் பெண்ணுக்கு அவ்வூர் அடுத்த வீடு போன்றது. பெருநகரத்துப் பிள்ளைக்கு மிக அமைதியாயிருக்கும்.

கையெழுத்திடுமுன் உணவும் உறைவிடமும் உதவித்தொகையில் அடங்குமா, எத்தனை மதிப்பெண் குறைந்தால் அது நின்றுவிடும் என்று அலுவலகத்தில் கேட்கலாம். மற்றதை அலுவலகம் சொல்லாது. தம்மைப் போன்ற வீட்டிலிருந்து அங்கே சென்று படிக்கும் ஒரு மாணவரைத் தேடிப்பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடு சாப்பிடுகிறாய், விடுமுறைக்கு விடுதி மூடினால் எங்கே தங்குகிறாய் என்று கேட்க வேண்டும்.