தரங்கம்பாடி: கோட்டையோடு முடிந்துவிடாத ஊர்

மயிலாடுதுறை மாவட்டத்தின் தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பலர், டேனிஷ் கோட்டை முன் படம் எடுத்துக்கொண்டு திருக்கடையூருக்கோ வேளாங்கண்ணிக்கோ கிளம்பிவிடுகிறார்கள். எழுநூறு ஆண்டு வரலாற்றை நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊர் இது. அரை நாளாவது ஒதுக்க வேண்டும்.

கோட்டை வந்த கதை

மிளகு தேடி வந்த டேனியர்களுக்கு 1620-ல் இடம் கொடுத்தவர் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர். அப்படி எழுந்த டான்ஸ்போர்க் கோட்டையின் கீழ்த்தளத்தில் சரக்குக் கிடங்கும் சிறையும் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநர் குடியிருந்தார். 1845-ல் வங்காளத்தின் சேரம்பூரோடு சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்கு இந்த ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. வணிகமும் அங்கே நகர்ந்தது. ஊர் பெருகாததால்தான் ராஜ வீதியின் பழைய வீடுகள் பல தப்பின.

ஈய மூடியில் பிறந்த எழுத்து

1706-ல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு இங்கே தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவினார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் பாலாடைக்கட்டி டின்களின் ஈய மூடிகளை உருக்கி, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். தமிழ் எழுத்தில் முதல் நூல் 1578-லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் 1715-ல் இங்கு அச்சாகி முடிந்த புதிய ஏற்பாடுதான் இந்திய மொழிகளில் முதலாவது. 1718-ல் தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

கோயிலும் கடலும்

இவை எல்லாவற்றுக்கும் மூத்தது, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004 சுனாமி மீனவர் குடும்பங்களின் உயிர்களையும் பறித்தது.

எப்படிக் காப்பது?

ராஜ வீதி வீடுகளின் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. உப்புக் காற்றில் ஏறும் ஈரத்தைக் காரை வெளியேற விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பொரிந்து செங்கல் உதிரும். பழுது பார்க்கச் சுண்ணாம்பும், அந்த வேலை தெரிந்த கொத்தனாரும் வேண்டும். இரண்டுக்கும் செலவு அதிகம். வீட்டுக்காரர் தனியாகத் தாங்க முடியாது. கோட்டைக்குக் கிடைக்கும் அரசு அக்கறையில் ஒரு பங்கு இந்த வீடுகளுக்கும் கிடைக்க வேண்டும். பயணிகளும் ஊரில் தங்கி, சாப்பிட்டு, நடந்து பார்த்தால் அந்தப் பணம் இங்கேயே புழங்கும். வீட்டில் ஆள் குடியிருந்தால்தான் சுவர் நிற்கும்.