வடக்கே ஒரு விண்மீன்

1849-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் டப்மன், ஓர் இரவில் விடுதலை தேடித் தன்னந்தனியாக வடக்கு நோக்கி நடந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். கையில் வரைபடமோ திசைகாட்டியோ இல்லை. அவருக்கு வழிகாட்டியது துருவ நட்சத்திரம்.

பூமியின் சுழல் அச்சு ஏறக்குறைய அந்த விண்மீனை நோக்கியே இருக்கிறது. அதனால் மற்ற விண்மீன்கள் இடம்பெயர்ந்தாலும், அது மட்டும் இரவு முழுவதும் வடக்கிலேயே நிற்கும். சப்தரிஷி மண்டலம் அகப்பை போலத் தெரியுமல்லவா? அதன் கிண்ணத்து விளிம்பில், கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் உள்ள இரண்டு விண்மீன்களை இணைத்து, அந்தக் கோட்டை மேலும் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரத்தைப் பிடித்துவிடலாம். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்கவும் விடப்படாத மக்கள் கற்று வைத்திருந்த வானியல் இது!

பகலில் காட்டிலும் சதுப்பு நிலத்திலும் பதுங்கல், இரவில் நடை. குளிர்காலத்தில் இரவு நீளம் என்பதால், டப்மன் அந்தப் பருவத்தையே விரும்பினார். தான் தப்பியதோடு அவர் நிற்கவில்லை. சுமார் 13 முறை திரும்பிச் சென்று, ஏறக்குறைய 70 பேரை மீட்டு வந்தார். அந்தத் துணிச்சலுக்கு ஈடு சொல்ல முடியாது. 1850-இல் வந்த கொடிய சட்டம், தப்பியவர்களை வட மாநிலங்களிலும் பிடித்துத் திருப்பி அனுப்பச் சொன்னது. அதனால் பயணம் கனடா வரை நீண்டது.

அடிமைத்தளையிலிருந்து தப்பிய இன்னொரு தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ். 1847-இல் அவர் தொடங்கிய செய்தித்தாளுக்கு வைத்த பெயர், ‘துருவ நட்சத்திரம்’.