துவக்குக் குழலின் ஆயுள்

ஒரு றைபிள் துவக்கின் குழல் தன் வாழ்நாளில் எவ்வளவு நேரம் உழைக்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்ததுண்டா? சன்னம் ஒன்று குழலைக் கடந்து வெளியேறுவதற்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு நேரமே செல்லும். ஐயாயிரம் முறை வெடித்து ஓய்ந்த குழலும், அந்நேரங்களையெல்லாம் ஒன்றுகூட்டினால், ஏறத்தாழப் பத்துச் செக்கன்களே வேலை செய்திருக்கும். நல்ல உருக்கிலே கடைந்தெடுத்த ஒரு பொருள் பத்துச் செக்கன் வேலையில் தேய்ந்து பயனற்றுப் போகிறது என்றால், அதற்குள்ளே நிகழ்வது யாது? அதனைத் தள்ளிப்போடுவதற்கு மனிதர் செய்த முயற்சிகள் யாவை? நான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன், உலோகவியல் பயின்றவனல்லன். ஆயினும், இவ்விடயத்தில் வரலாறும் பௌதிகமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் துணிந்து பேச முன்வந்தேன்.

முதலிற் குழலின் அமைப்பை நோக்குவோம். குழலின் பின்புறத்தே தோட்டா அமரும் அறை உள்ளது. அதற்கு முன்னே, உட்சுவரிற் சுருளாக வெட்டப்பட்ட தவாளிப்புகள் வாய்வரை ஓடுகின்றன. சன்னம் அவற்றைப் பற்றிக்கொண்டு பம்பரம்போற் சுழன்று வெளியேறுவதனாலேயே நேர்வழியிற் பறக்கிறது. அறையும் தவாளிப்பும் சந்திக்கும் இடத்தைத் துவக்குத் தொழிலாளர் தொண்டை என்பர். குழலின் சாவு பெரும்பாலும் இந்தத் தொண்டையிலேதான் தொடங்குகிறது. சன்னம் உராய்வதனாற் குழல் தேய்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். அஃது ஓரளவே உண்மை. உராய்வே முதற்காரணமாயின், சன்னம் மிக விரைந்து செல்லும் வாய்ப்புறமன்றோ முதலில் தேயவேண்டும்? உண்மையிற் பெரும் பகைவன் வெப்பமே.

வெடிமருந்து எரியும்போது தோன்றும் வாயுவின் வெப்பநிலை 2,500 சென்ரிகிரேட் பாகையையும் தாண்டவல்லது. உருக்கோ ஏறக்குறைய 1,500 பாகையில் உருகிவிடும். பின் ஏன் முதல் வெடியிலேயே குழல் உருகி ஓடவில்லை? விளக்குச் சுடரினூடே விரலை விரைவாக வீசி எடுத்தால் விரல் வேகுவதில்லை, அதுபோன்றதே இதுவும். வெப்பம் தாக்கும் நேரம் மிகக் குறுகியது. எனினும், உட்பரப்பின் மெல்லிய படை ஒவ்வொரு வெடிக்கும் கடுஞ்சூடேறி விரிந்து, மறுகணமே குளிர்ந்து சுருங்குகிறது. வாயுவிலுள்ள காபனும் நைதரசனும் அப்படையிற் புகுந்து அதனை நொறுங்கும் தன்மையுடையதாக்குகின்றன. காலப்போக்கில், கோடையில் வற்றிய குளத்தின் வண்டல் வெடித்துக் கிடப்பதுபோல, தொண்டையின் உட்சுவரெங்கும் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. அடுத்து வரும் வாயு அவ்வெடிப்புகளின் ஓரங்களை அரித்துச் செல்கிறது. தவாளிப்பின் தொடக்கம் சிறிது சிறிதாக முன்னே நகர்கிறது. சன்னம் பற்றுக்கோடின்றிச் சற்றே பாய்ந்து, சில வேளைகளிற் சாய்ந்தும், தவாளிப்பிற் புகுகிறது. குறி தவறுகிறது. போட்டியிற் சுடுபவருக்கு இதனாற் சில புள்ளிகள் நட்டமாகலாம். வேட்டையிலோ, உடனே மாளவேண்டிய விலங்கு குற்றுயிராய்க் காட்டுக்குள் ஓடி நாட்கணக்கில் வருந்தும். குழலின் தேய்வைக் கவனியாதிருப்பது வெறுஞ் சோம்பலன்று என்பது என் கருத்து.

அதிவேகத் தோட்டாக்களில் இவ்விடர் பன்மடங்காகிறது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வின்செஸ்ரர் நிறுவனம் .220 சுவிவ்ற் என்னும் தோட்டாவை வெளியிட்டது. அதன் சிறிய சன்னம் செக்கனுக்கு 4,110 அடி வேகத்திற் செல்லுமெனக் கூறப்பட்டது. ஒலியின் வேகத்தைக் காட்டிலும் இது மூன்றரை மடங்குக்கு மேலானது. படைப்பயிற்சி பெற்ற நம் முதியோர் அறிந்த .303 தோட்டாவின் வேகமோ 2,440 அடிதான். இரண்டினுள்ளும் அடங்கும் மருந்தின் நிறையில் வேறுபாடு பெரிதன்று. ஆனால், அம்மருந்தின் கனலெல்லாம் புகுந்து செல்லவேண்டிய துளையின் பரப்பு, .303இன் துளையில் ஏறக்குறைய அரைவாசியே. அகன்ற கோது, ஒடுங்கிய குழல் என்னும் இந்தப் பொருத்தமே குழலைத் தின்பது. 1958இல் அதே நிறுவனம் வெளியிட்ட .264 மக்னம் தோட்டாவும் இக்காரணத்தாலேயே குழல்தின்னி என்று பெயரெடுத்தது.

இவ்விடர் அதிவேகத் தோட்டாக்களோடு பிறந்ததென்றும் எண்ணவேண்டா. 1888இற் பிரித்தானியப் படை லீ-மெற்போட் றைபிளை ஏற்றுக்கொண்டது. மெற்போட் என்பார் வகுத்த தவாளிப்புகள் ஏழு. அவை ஆழங்குறைந்தவை, வளைந்த விளிம்புடையவை. கரிமருந்தின் புகைக்கசடு தங்காதிருக்கவே அவ்வாறு அமைத்தார். அறிவார்ந்த வேலைதான். ஆனால், ஏபல், டேவர் என்னும் இரு அறிஞர் 1889இற் கோடைற் என்னும் புகையில்லா மருந்தை ஆக்கினர். சில ஆண்டுகளில் அதுவே.303 தோட்டாவினுள்ளும் புகுந்தது. கயிறுபோன்ற இழைகளாகச் செய்யப்பட்ட அம்மருந்தில் நூற்றுக்கு 58 பங்கு நைத்திரோகிளிசரின். அதன் கடுஞ்சூட்டில், கரிமருந்துக்கென வகுத்த மென்மையான தவாளிப்புகள் சில ஆயிரம் வெடிகளுக்குள் மழுங்கிப்போயின. ஒரு பேரரசு தன் படைக்கெல்லாம் கொடுத்த துவக்கு, மருந்து மாறியதனாற் பழசாகிவிட்டது.

இதற்கு இரு வழிகளிற் பரிகாரம் தேடப்பட்டது. 1895இற் குழலை மாற்றினர்: ஐந்து தவாளிப்புகள், ஆழமானவை, சதுர விளிம்புடையவை. அதுவே பின்னர் உலகறிந்த லீ-என்பீல்ட். அடுத்து மருந்தையும் மாற்றினர்: நைத்திரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்து, வெடிப்பஞ்சை 65 பங்காகக் கூட்டினர். எரியும் சூடு தணிந்தது. குழலின் ஆயுளும் நீண்டது. எஞ்சிய 5 பங்கு வசிலின். குழலுக்கு வழுக்கலாக இருக்கட்டுமென்றே அதனை முதலிற் சேர்த்தனர். அது மருந்து கெடாது காப்பதிலேயே கூடுதலாக உதவியது பின்னர் தெரியவந்தது. நினைத்துச் செய்ததொன்று, கிடைத்த பயன் மற்றொன்று.

தேய்வின் உச்சத்தைக் காணவேண்டின் 1918ஆம் ஆண்டின் பாரிசுப் பீரங்கியைப் பார்க்கவேண்டும். மார்ச் 23ஆந் திகதி முதல் ஜேர்மனியர் 110 கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்து பாரிசு நகரத்தின்மீது குண்டெறிந்தனர். ஒவ்வொரு வெடியும் குழலை அகலமாக்கியமையால், குண்டுகளுக்கு வரிசை எண்ணிட்டு, ஒவ்வொன்றையும் முன்னையதிலும் சற்றுப் பருமனாகச் செய்தனர். ஏறக்குறைய அறுபத்தைந்து குண்டுகளோடு குழல் முடிந்தது. அதனைக் கழற்றி மீளக் கடைந்து அகலப்படுத்தினர். இதன் கொடுமையை நாம் மறக்கவொண்ணாது. எனினும், தேயும் குழலுக்கேற்பக் குண்டை மாற்றும் அந்த உத்தி இன்றைக்கும் பயன்படுகிறது. அதனைப் பின்னர் சொல்வேன்.

இனி, சுடுபவர் செய்யக்கூடியவை. எல்லாவற்றிலும் மேலானது பொறுமை. முந்திய வெடியின் சூடு ஆறுமுன் அடுத்ததை வெடித்தால், உட்பரப்பு ஏற்கெனவே சூடான நிலையிலிருந்து மேலும் ஏறுகிறது. வெளிப்புறத்திலே கையை வைத்துச் சில செக்கன் பொறுத்திருக்க முடியாவிடின், அக்குழலுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில், நிலத்தில் வளை தோண்டி வாழும் சிற்றணிலினங்களைச் சுடுவோர் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தோட்டாக்களைச் செலவிடுவர். அவர்களில் அனுபவசாலிகள் இரண்டு மூன்று றைபிள்களைக் கொண்டுசென்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றனர். பருத்த குழல் மெதுவாகச் சூடேறும் என்பது மெய். அதனால் தொண்டைக்கு முழுப் பாதுகாப்புக் கிடைத்துவிடாது. ஒவ்வொரு வெடியின் தீயும் முதலில் தீண்டுவது அதன் உட்டோலையே.

அடுத்தது வேகத்தின் மீதுள்ள ஆசை. உச்ச அளவு மருந்தை இட்டு உச்ச வேகம் பெறுவதே பெருமையெனச் சிலர் கருதுகின்றனர். மருந்தைச் சற்றே குறைத்தால் வேகத்தில் இழப்பது சிறிது; சூட்டிலும் அமுக்கத்திலும் குறைவது பெரிது. பல றைபிள்கள் அந்த அடக்கமான அளவிலேயே குறியும் நன்றாகச் சுடுகின்றன. நைத்திரோகிளிசரின் கலவாத மருந்துகள் பொதுவாகத் தணிந்த சூட்டில் எரிவன. தாமே தோட்டா நிரப்புவோர் மருந்து ஆக்கியோர் வெளியிட்ட அளவை ஒருபோதும் தாண்டலாகாது. அங்கே போவது குழலின் ஆயுள் மட்டுமன்று.

துப்புரவு செய்வதிலும் ஆபத்துண்டு. நம்மூர்க் கிணற்றுக் கட்டுகளில், ஆண்டாண்டாகக் கயிறு உரைந்து கல்லிற் பதித்த பள்ளத்தைக் கண்டிருப்பீர்கள். படைவீரர் மணலும் அழுக்கும் படிந்த கயிற்றைக் குழலினூடே ஒருபக்கமாக இழுத்திழுத்து, வாயிலே அதேபோன்ற பள்ளத்தை உண்டாக்கிய குழல்கள் பலவுண்டு. ஆதலால் நேரான, வழுவழுப்பான கோலைக் கொண்டு, வழிகாட்டி ஒன்றைப் பொருத்தி, அறைப்பக்கமிருந்தே துடைக்கவேண்டும். தொண்டையில் வளையமாகப் படியும் காபனையும் சன்னத்தின் செப்பையும் அவ்வப்போது நீக்கவேண்டும். நாள்தோறும் தேய்த்துக்கொண்டிருப்பதும் தேய்வே.

பழைய தோட்டாக்களில் வேறொரு பகை மறைந்திருந்தது. தீ மூட்டும் கேப்பிலிருந்த பொற்றாசியம் குளோரேற்று எரிந்து, பொற்றாசியம் குளோரைட்டு என்னும் உப்பாகக் குழலிற் படியும். நம் கறியுப்பைப் போலவே அது காற்றின் ஈரத்தை ஈர்த்துத் துருவை உண்டாக்கும். எண்ணெய் பூசினால் உப்பு கரையாது. எண்ணெயின் கீழேயே துரு வளரும். வெந்நீர் ஊற்றிக் கழுவும் வழக்கத்தின் நியாயம் இதுவே. இன்று விற்கப்படும் வேட்டைத் தோட்டாக்களில் இவ்வுப்பில்லை. பழைய படைத் தோட்டாக்களை வாங்கிச் சுடுவோர் மட்டும் கெண்டியில் நீர் சுடவைக்கவேண்டியவரே.

குழலையே வலுப்படுத்தும் வழியுமுண்டு. யப்பானியர் 1939இல் ஏற்ற தங்கள் றைபிளின் உட்பரப்புக்குக் குரோமியம் பூசினர். அமெரிக்கர் தம் எம்-16 றைபிளை வியற்நாமுக்கு அனுப்பியபோது அப்பூச்சை விட்டுவிட்டனர். அந்நாட்டின் ஈரவெப்பத்தில் அறைகள் துருவேறின. மருந்தின் மாற்றமும் சேர்ந்துகொள்ள, வெடித்த கோதுகள் உள்ளே சிக்கிக்கொண்டன. போர்க்களத்தில் வீரர் உயிரிழந்தபின், 1967இல் அறைக்கும் பின்னர் குழல் முழுவதற்கும் குரோமியம் பூசப்பட்டது. எனினும், பூச்சு எங்கும் ஒரே தடிப்பாய் அமைவது அரிதாகையால், நுண்குறிப் போட்டியாளர் கறைபிடியா உருக்கையே விரும்புகின்றனர். வின்செஸ்ரர் நிறுவனமும் சுவிவ்ற் குழல்களுக்கு அவ்வுருக்கைப் பயன்படுத்தியதுண்டு.

இத்தனையும் செய்தாலும் தொண்டை ஒருநாள் முன்னே நகரத்தான் செய்யும். அப்போது பாரிசுப் பீரங்கியின் உத்தி உதவுகிறது. அங்கே குண்டைப் பருமனாக்கினர். இங்கே சன்னத்தைக் கோதிலிருந்து சற்று வெளியே நீட்டி அமர்த்தி, விலகிப்போன தவாளிப்பை எட்டச் செய்கின்றனர். அதற்கும் இடமில்லாதபோது, குழலின் பின்புறத்தில் ஓரங்குலம் வரை வெட்டி நீக்கி, புதிய மரையும் புதிய அறையும் கடைந்து மீளப் பொருத்துவர். வெடிப்புகள் அதனையும் கடந்து பரவியிருப்பின், குழலை மாற்றவேண்டியதே. பழைய குழலைச் சிறு துண்டுகளாக அறுத்து, நீளவாட்டிற் பிளந்து, மாணவருக்குக் காட்டவென வைத்திருக்கும் துவக்குத் தொழிலாளரும் உளர். தொண்டையில் வண்டல்போல் வெடித்தும், அதற்கு ஒரு சாண் முன்னே புதிதுபோல் மின்னியும் கிடக்கும் உருக்கை அங்கே கண்ணாரக் காணலாம்.