ஷங்காயில் வீடு தேடுவோர் கவனத்திற்கு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். வேலை நிமித்தமாகக் குடும்பத்துடன் ஷங்காய் போய் இறங்கியவரைக் கேட்டால், அந்நிய ஊரில் வாடகை வீடு எடுத்துப் பார் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளச் சொல்வார்.

இரண்டு கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் அந்தச் சீனப் பெருநகரில் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், கண்ணுக்குப் பிடித்த வீடு வேறு; சட்டப்படி கவலையின்றிக் குடியிருக்கத் தகுந்த வீடு வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் கையெழுத்துப் போடுபவர் பின்னர் பணத்தையும் நிம்மதியையும் இழக்க நேரிடும்.

முன்பு அங்கே வெளிநாட்டினருக்கு விற்கும் வீடுகள் தனி, உள்நாட்டினருக்கு விற்கும் வீடுகள் தனி என்று இருந்தன. 2001ஆம் ஆண்டில் ஷங்காய் நிர்வாகம் இரண்டையும் ஒன்றாக்கியது. அதன் பிறகு தேர்வுகள் பெருகின. கூடவே, நல்லது கெட்டதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் குடிபோகிறவரின் தலையில் விழுந்தது.

எத்தகைய வீடுகள் கிடைக்கின்றன?

முதலாவது, சேவை அடுக்குமாடி வீடுகள். சிங்கப்பூரின் அஸ்காட் போன்ற நிறுவனங்கள் இவற்றை நடத்துகின்றன. தளவாடம், துப்புரவு, இணையம் எல்லாம் வாடகைக்குள் அடங்கும். மாதக் கணக்கில் எடுக்கலாம். செலவு அதிகம் என்றாலும், ஊரைப் புரிந்துகொள்ளும் வரை முதல் சில வாரங்களுக்கு இதுவே பாதுகாப்பான ஏற்பாடு.

இரண்டாவது, காவலும் நிர்வாகமும் உள்ள கொண்டோமினியம் வகைக் குடியிருப்புகள். ஹுவாங்பு ஆற்றின் மேற்குப் பக்கமான பூஷியில் உள்ள கூபெய் வட்டாரம், வெளிநாட்டினருக்கென்றே 1980களின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கியது. ஜப்பானியரும் கொரியரும் அங்கே அதிகம். கிழக்குப் பக்கமான பூடோங்கில், வங்கிகளும் வானளாவிய கட்டடங்களும் நிறைந்த லூஜியாட்ஸுய் பகுதியைச் சுற்றி இத்தகைய வீடுகள் உண்டு.

மூன்றாவது, பூடோங்கின் ஜின்ச்சியாவ் போன்ற இடங்களில் உள்ள தோட்டத்துடன் கூடிய தனி வீடுகள். அனைத்துலகப் பள்ளிகள் அருகில் இருப்பதால் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இவற்றை நாடுகின்றன.

நான்காவது, முன்னாள் பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதியில் உள்ள பழைய சந்து வீடுகள். மர நிழல் விரிந்த வீதிகள், பழைமையின் அழகு எல்லாம் மனத்தை இழுக்கும். ஆனால் ஈரக்கசிவு, கரையான், பழைய மின்கம்பிகள் ஆகியவற்றையும் சேர்த்தே வாடகைக்கு எடுக்கிறோம் என்ற நினைவு வேண்டும்.

ஐந்தாவது, ஆறு மாடி கொண்ட பழைய அடுக்கு வீடுகள். வாடகை குறைவு. பெரும்பாலானவற்றில் மின்தூக்கி இல்லை.

எங்கே குடியேறுவது?

அலுவலகத்துக்கு அருகிலா, பள்ளிக்கு அருகிலா என்பதைக் குடும்பத்தார் முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, 1996இல் தொடங்கப்பட்ட ஷங்காய் சிங்கப்பூர் அனைத்துலகப் பள்ளி, நகரின் தென்மேற்கே மின்ஹாங் மாவட்டத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு லூஜியாட்ஸுயில் வேலை, பிள்ளைக்கு மின்ஹாங்கில் பள்ளி என்றால், இருவரில் ஒருவர் தினமும் ஆற்றைக் கடந்து நகரின் மறுபக்கம் போய்வர வேண்டும். 800 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மெட்ரோ ரயில் பாதை இருந்தாலும், அந்த அலைச்சலை வாடகையில் மிச்சமாகும் பணம் ஈடுசெய்யாது.

வெப்ப நாட்டிலிருந்து போகிறவர்கள் குளிரை மறந்துவிடுகிறார்கள். பெய்ஜிங் போன்ற வடநகரங்களில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நகரமே வீடுகளுக்கு வெப்பம் வழங்கும். தென்பகுதியைச் சேர்ந்த ஷங்காயில் அந்த ஏற்பாடு இல்லை. அங்கே குளிர்காலம் ஈரம் கலந்தது, எலும்பைத் துளைக்கும். ஆகவே சூரிய வெளிச்சம் விழும் தெற்குப் பார்த்த வீடா, தரைக்கடியில் வெப்பமூட்டும் வசதி உண்டா, சன்னல்கள் இறுக மூடுகின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

விளம்பரத்தில் சொல்லப்படும் பரப்பளவையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. மாடிப்படி, மின்தூக்கிக் கூடம் போன்ற பொது இடங்களின் பங்கும் அதில் சேர்ந்திருக்கும். உள்ளே நடமாடக் கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு.

24 மணி நேர விதி

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். 2013 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சீனக் குடிநுழைவுச் சட்டப்படி, ஹோட்டல் அல்லாத வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் வட்டாரக் காவல் துறையிடம் முகவரியைப் பதிந்துகொள்ள வேண்டும். தவறினால் எச்சரிக்கையும், 2,000 யுவான் வரை அபராதமும் உண்டு. ஹோட்டலில் தங்கினால் ஹோட்டலே பதிந்துவிடும்.

அபராதத்தைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. வேலை விசாவில் நுழைந்தவர் 30 நாள்களுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இந்தப் பதிவுச் சீட்டு தேவை. வாடகை வருமானத்துக்கு வரி கட்ட நேருமே என்று அஞ்சி, பதிவுக்குரிய ஆவணங்களைத் தர மறுக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. அத்தகைய வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே அறிவுடைமை.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

வாடகை வாங்குபவர் உண்மையில் வீட்டின் சொந்தக்காரர்தானா? சொத்துச் சான்றிதழில் உள்ள பெயரும் அவருடைய அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு டான்கே நிறுவனத்தின் கதை சான்று. வீட்டுக்காரர்களிடமிருந்து வீடுகளை எடுத்து மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்ட அந்த நிறுவனம், 2020 ஜனவரியில் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் தள்ளாடியது. வாடகைக்கு இருந்தவர்களில் பலர் வங்கிக் கடன் வாங்கிப் பல மாத வாடகையை முன்கூட்டியே கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர்களுக்கோ பணம் போய்ச் சேரவில்லை. அவர்கள் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, வீடும் போய்க் கடனும் மிஞ்சியது. பெரிய நிறுவனம் என்ற பெயர் மட்டும் பாதுகாப்பு ஆகாது.

ஒரு மாத வைப்புத் தொகையும் மூன்று மாத வாடகையும் முன்பணமாகக் கேட்பது அங்கே பரவலான வழக்கம். ஆண்டு வாடகையை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டினால் எச்சரிக்கை தேவை. 2025 செப்டம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த வாடகை வீட்டு விதிமுறைகள், தக்க காரணமின்றி வைப்புத் தொகையைப் பிடித்துவைப்பதைத் தடை செய்கின்றன. சமையலறை, பால்கனி, கழிவறை போன்றவற்றைத் தனி அறையாகக் குடியிருக்க வாடகைக்கு விடவும் கூடாது. ஆனாலும், வைப்புத் தொகை எப்போது திரும்பும், எதற்காகப் பிடிக்கப்படும் என்பவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தால்தான் வாதாட முடியும். சீன மொழிப் பிரதியே செல்லும் என்று ஒப்பந்தங்களில் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். எனவே சீனம் படிக்கத் தெரிந்த நம்பிக்கையான ஒருவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திட வேண்டும்.

நிறுவனம் வீட்டுப் படித்தொகை தருகிறது என்றால், 'ஃபாபியாவ்' எனப்படும் அதிகாரபூர்வ வரி ரசீதை வீட்டுக்காரர் தருவாரா என்று முன்பே கேட்க வேண்டும். வெளிநாட்டு ஊழியரின் வீட்டுப் படித்தொகைக்கான வரிவிலக்கு 2027 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ரசீது இல்லாவிட்டால் அந்தச் சலுகை கைநழுவிப் போகலாம்.

அவசரம் வேண்டாம்

சிங்கப்பூரர்கள் 2024 பிப்ரவரி 9 முதலும், மலேசியர்கள் 2025 ஜூலை 17 முதலும் பரஸ்பர ஒப்பந்தப்படி விசா இன்றி 30 நாள் வரை சீனாவில் தங்கலாம். அதில் வேலை செய்ய முடியாது. ஆனால் வீடு பார்க்கப் போய்வரலாம். வேலையை ஏற்கும் முன் ஒரு வாரம் சென்று, காலை நெரிசலில் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் பயணம் செய்து பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படத்தைப் பார்த்து ஊரிலிருந்தே பணம் அனுப்புவதைத் தவிர்த்து, முதல் மாதம் சேவை அடுக்குமாடியில் தங்கி, நேரில் பார்த்து, ஆவணங்களைச் சரிபார்த்த பிறகு குடியேறுவதே நல்லது. முதல் மாதச் செலவு சற்றுக் கூடலாம். ஆனால் பிள்ளைகளையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கும் நிலை வராது.