குன்றின்மேல் ஒரு சிற்றூர்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

பிரான்சு நாடு என்றதும் நம் நினைவுக்கு வருவன பாரிஸ் மாநகரும், ஐஃபெல் கோபுரமும், லூர்து மாதா கெபியும் ஆகும். ஆனால் ஒரு நாட்டின் உள்ளத்தை அறிய அதன் தலைநகரை மட்டும் பார்த்தால் போதாது. நாட்டுப்புறத்தையும் பார்க்க வேண்டும். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பார்கள். அத்தகைய ஊர் ஒன்று பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் இருக்கிறது. அதன் பெயர் வெசலே. பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவில், ஒரு குன்றின் முதுகில் நீண்டு கிடக்கும் சிற்றூர் அது. இன்று அங்கு வாழ்வோர் ஐந்நூறு பேருக்கும் குறைவே. ஆயினும் மன்னர்களும் புனிதர்களும் நடந்த தெரு அவ்வூர்த் தெரு. அன்பார்ந்த தோழியரே, அவ்வூரையும் அதைச் சுற்றியுள்ள கோவில், கோட்டை, காடு, கழனிகளையும் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

கோவில் எழுந்த வரலாறு

ஒன்பதாம் நூற்றாண்டில் ஜிரார் என்னும் பிரபுவும் அவர் மனைவி பெர்த்தாவும் குன்றின் அடிவாரத்தில், கியூர் ஆற்றங்கரையில், ஒரு மடத்தை நிறுவினார்கள். அது முதலில் கன்னியர் மடமாகவே இருந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி அன்றோ! பின்னர் அது புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரிடம் சென்றது. வடதிசைக் கடற்கொள்ளையர் ஆற்று வழியே வந்து அடிவாரத்து மடத்தை அழித்ததால் துறவியர் குன்றின் உச்சிக்குக் குடியேறினர்.

பதினோராம் நூற்றாண்டில் புனித மரிய மதலேனாளின் திருப்பண்டங்கள் இங்கே உள்ளன என்ற செய்தி எங்கும் பரவியது. திருப்பயணிகள் வெள்ளமென வந்தனர். ஸ்பெயின் நாட்டிலுள்ள புனித யாகப்பரின் திருத்தலத்திற்கு நடந்து செல்வோர் புறப்படும் இடங்களுள் ஒன்றாகவும் வெசலே ஆயிற்று. இன்றும் தோளில் பையும் கையில் கோலுமாக அவ்வழியே நடப்போர் உண்டு. 1120-ஆம் ஆண்டு மதலேனாள் திருநாளையொட்டி நேர்ந்த தீ விபத்தில் பழைய கோவில் எரிந்து பலர் மாண்டனர். அந்தச் சாம்பலிலிருந்து எழுந்ததே நாம் இன்று காணும் நடுக்கூடம். பீடப்பகுதி பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கூர்நுனி வளைவுகளுடன் கட்டப்பெற்றது. ஆகவே ஒரே கோவிலில் இரு காலத்துச் சிற்பக்கலைகளை ஒருங்கே காணலாம்.

கல்லில் எழுதிய ஞானோபதேசம்

அக்காலத்து மக்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். அவர்களுக்குக் கோவில் சுவரே புத்தகம். உள்வாயிலின் மேல் அரைவட்டக் கல்லில் இயேசு பெருமான் அமர்ந்திருக்கிறார். அவர் கைகளிலிருந்து கதிர்கள் புறப்பட்டு அப்போஸ்தலர்களின் தலைகளைத் தொடுகின்றன. சுற்றிலும் உலகின் பல்வேறு மக்கள் நிற்கின்றனர். உடலையே மூடும் அளவு பெரிய காது உடையோர், நாய்முகம் கொண்டோர், ஏணி வைத்துக் குதிரை ஏறும் குள்ளர் ஆகியோரும் அங்கே உண்டு! இந்தியா போன்ற தொலைதேசங்களில் இத்தகைய மனிதர் வாழ்வதாக அன்றைய ஐரோப்பியர் நம்பினர். நம்மைப் பற்றி அவர்கள் எண்ணியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அச்சிற்பி அவர்களையும் வெளியே தள்ளவில்லை. நற்செய்தி அவர்களுக்கும் உரியது என்றே செதுக்கி வைத்தான். அதை எண்ணும்போது சிரிப்பு அடங்கி மதிப்பு பிறக்கிறது.

உள்ளே தூண்களின் தலைப்பில் மற்றொரு சிற்பம் புகழ்பெற்றது. ஒருவர் ஒரு திரிகையில் தானியத்தைக் கொட்டுகிறார். மற்றொருவர் கீழே மாவைப் பையில் ஏந்துகிறார். கொட்டுபவர் மோயீசன், ஏந்துபவர் சின்னப்பர் என்று அறிஞர் விளக்குகின்றனர். பழைய ஏற்பாடு தானியம். புதிய ஏற்பாடு அதிலிருந்து வரும் மாவு. ஓர் உழவர் வீட்டுப் பெண்ணுக்கும் எளிதில் புரியும் பாடம் இது!

ஒளியின் பாதை

இக்கோவிலின் அதிசயம் இன்னொன்றும் உண்டு. ஜூன் திங்களில், பகல் மிக நீண்டிருக்கும் நாட்களில், புனித ஸ்நாபக அருளப்பர் திருநாளையொட்டி, நடுப்பகல் வேளையில் நடுக்கூடத்தின் தரையில் ஒளி வட்டங்கள் ஒரே வரிசையாக விழுகின்றன. வாயிலிலிருந்து பீடம் நோக்கி யாரோ ஒளியால் படிக்கற்கள் இட்டது போல் அது தோன்றும். இதற்குக் காரணம் என்ன? கோவில் மேற்கிலிருந்து கிழக்காக நீண்டிருக்கிறது. கோடையில் சூரியன் உச்சியை நெருங்கி நிற்பதால் தெற்குச் சுவரின் மேல் சாளரங்கள் வழியே கதிர்கள் செங்குத்தாக இறங்கி நடுத்தரையில் விழுகின்றன. குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்திருப்பதால் அதே கதிர்கள் சரிந்து சென்று வடபுறத் தூண்தலைப்புகளைத் தொடுகின்றன. பல நூற்றாண்டுகளாக நிகழ்ந்துவந்த இதனை 1976-ஆம் ஆண்டு பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் கவனித்து உலகுக்கு எடுத்துரைத்தார்.

போர் முழக்கமும் சமாதானச் சிலுவையும்

1146-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று புனித பெர்நார்து இக்குன்றின் சரிவில் நின்று இரண்டாம் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். மன்னர் ஏழாம் லூயியும் அரசி எலெனோரும் முன்னே நின்றனர். கூட்டம் கோவிலில் கொள்ளாததால் திறந்தவெளியில் பிரசங்கம் நடந்தது. ஆனால் அப்போர் வெற்றி பெறவில்லை. 1148-இல் தமாஸ்கு நகர் முற்றுகை தோல்வியில் முடிந்தது. சென்றவர் பலர் திரும்பவேயில்லை. 1190-இல் மூன்றாம் சிலுவைப் போருக்குப் பிரான்சு மன்னர் பிலிப்பும் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டும் இவ்வூரிலிருந்தே புறப்பட்டனர்.

சரியாக 800 ஆண்டுகள் கழிந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946-இல் அதே குன்றின்மேல் மற்றொரு கூட்டம் கூடியது. ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்து கனத்த மரச்சிலுவைகள் பதினான்கைத் தோளில் சுமந்து மக்கள் நடந்தே வந்தனர். இம்முறை வாளுக்காக அன்று, சமாதானத்திற்காக. அருகே கைதிகளாக இருந்த ஜெர்மானியப் போர்வீரர்கள் தாங்களும் சேர்ந்துகொள்ள வேண்டினர். தாங்களே ஒரு சிலுவை செய்து கொண்டு வந்தனர். நேற்று வரை பகைவர்! அந்தப் பதினைந்தாம் சிலுவையும் ஏற்கப்பட்டது. அச்சிலுவைகளை இன்றும் கோவிலுக்குள் காணலாம். ‘வெசலேயில் பார்க்கவேண்டியது எது?’ என்று என்னைக் கேட்டால், சிற்பங்களுக்கும் முன்னே அந்தப் பதினைந்தாம் சிலுவையையே சொல்வேன்.

அழிவும் மீட்பும்

1279-இல் மரிய மதலேனாளின் திருப்பண்டங்கள் தென் பிரான்சிலேயே உள்ளன என்ற செய்தி எழுந்தது. பயணிகள் குறைந்தனர், ஊர் வாடியது. மதப்போர்களும் 1789-இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியும் மேலும் சிதைத்தன. 1834-இல் எழுத்தாளர் மெரிமே, பழஞ்சின்னங்களின் கண்காணிப்பாளராக வந்து பார்த்தபோது கோவில் விழும் நிலையில் இருந்தது. 1840-இல் அதைக் காக்கும் பொறுப்பு வியோலே லெ டியூக் என்பவரிடம் கொடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறுதான்! கல் வளைவின் பாரம் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் வளைவுகள் சிலவற்றைத் திரும்பக் கட்டி, வெளியிலிருந்து சுவரைத் தாங்கும் உதைவளைவுகளை அமைத்துக் கோவிலை நிறுத்தினார். 1979-இல் யுனெஸ்கோ இக்கோவிலையும் குன்றையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இரு கோட்டைகள்

வெசலேக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் பசோஷ் கோட்டை உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோன்றிய இதனை 1675-இல் வோபான் என்னும் படைப் பொறியாளர் வாங்கினார். பதினான்காம் லூயி மன்னருக்காக எத்தனையோ எல்லைக் கோட்டைகளை வகுத்தவர் அவர். ஆனால் நான் அவரை மதிப்பது வேறொன்றிற்காக. 1696-இல் அவர் வெசலே வட்டாரத்து மக்களின் நிலையை ஆராய்ந்து எழுதினார். ஏழைகள் வாற்கோதுமையும் ஓட்சும் கலந்த ரொட்டியையே உண்கின்றனர், இறைச்சியை அரிதாகவே காண்கின்றனர் என்று குறித்தார். வரியை அனைவரும் அவரவர் வருவாய்க்கேற்பச் செலுத்த வேண்டும் என்று 1707-இல் நூல் வெளியிட்டார். அரசு அந்நூலைத் தடை செய்தது. அவ்வாண்டே அவர் காலமானார்.

மற்றொரு கோட்டை இன்னும் கட்டி முடியாத கோட்டை! வெசலேக்கு வடமேற்கே, காட்டின் நடுவே, கெதலோன் என்னுமிடத்தில் 1997 முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு முறையிலேயே ஒரு கோட்டையை எழுப்பி வருகின்றனர். கல் அங்கேயே வெட்டப்படுகிறது. மரம் அக்காட்டு ஓக். கொல்லன் உளிகளைத் தீட்டித் தருகிறான். பெரிய மரச்சக்கரத்தினுள் ஓர் ஆள் நடக்க, கயிறு சுற்றிக் கல் மேலே எழுகிறது. செங்கோணம் அமைக்க அவர்கள் பயன்படுத்துவது பதின்மூன்று முடிச்சுக் கயிறு. முடிச்சுகளுக்கிடையே 12 சம இடைவெளிகள். அதை 3, 4, 5 என முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் செங்கோணம் கிடைக்கும். பித்தகோரஸ் தேற்றம் தேர்வுக்கு மட்டும் என்று நினைக்கும் தோழியர் இதைக் கவனிக்க! 2019-இல் பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தின் கூரை எரிந்தபோது, கெதலோனில் கோடரி பிடித்துப் பழகிய தச்சர்கள் அதன் மீட்புப் பணிக்குத் துணை செய்தனர். 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

காடும் கழனியும்

வெசலேயைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்களும், வெள்ளைப் பசுக்கள் மேயும் புல்வெளிகளும், தெற்கே மொர்வான் என்னும் அடர்ந்த காட்டுப் பகுதியும் உள்ளன. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மொர்வான் காட்டு விறகு ஆற்றில் மிதந்தே பாரிசைச் சென்றடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டு விறகோடு தாய்மாரும் சென்றனர். வறுமையால் தம் பச்சிளங் குழந்தைகளைக் கிராமத்தில் விட்டுவிட்டு, பாரிஸ் செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாலூட்டச் சென்ற தாய்மார் பலர். அவர்கள் ஈட்டிய பணத்தில் கட்டிய வீடுகளுக்குப் ‘பால் வீடுகள்’ என்றே பெயர். பாரிசில் கைவிடப்பட்ட குழந்தைகளை இதே மொர்வான் குடும்பங்கள் வளர்த்தன.

இந்தப் பர்கண்டி மண்ணுக்கும் நமக்கும் உறவு உண்டு. 1827-இல் புதுச்சேரி வந்த குளூனி சூசையப்பர் சபைக் கன்னியரின் நிறுவுநர், முத்திப்பேறு பெற்ற அன்னை ஆன் மரி ஜாவுகே இங்கே பிறந்தவரே. காந்தியடிகளின் வாழ்க்கையை எழுதிய ரொமேன் ரோலண்டு தம் இறுதி ஆண்டுகளை வெசலேயில் கழித்து 1944-இல் அங்கேயே கண்மூடினார்.

மன்னர்களின் பெயரை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. திரிகையைச் செதுக்கிய சிற்பியின் பெயரையோ, பாலூட்டிய தாயின் பெயரையோ, பதினைந்தாம் சிலுவையைச் சுமந்த கைதியின் பெயரையோ நாம் அறியோம். ஆனால் வெசலேக் குன்று இன்றும் நம்மை அழைப்பது அவர்களால்தான். பெயர் தெரியாத கைகள் செய்யும் நற்பணியை இறைவன் அறிவார். நாமும் அத்தகைய கைகளாக வாழ முயல்வோமாக!